பின்பக்கம் பார்த்து உட்காருபவன்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒழுங்காக நீச்சல் தெரியாது. ஆனாலும் தண்ணீரைக் கண்டுவிட்டால் எல்லோருக்கும் கொண்டாட்டம்தான். இன்ஸ்பெக்டர் மேடம், இதை நான் முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. போன தடவை உங்கள் ரைட்டர் 'நீச்சலில் வல்லவரான அசோக்' என்று எழுதியிருந்தார். அசோக் என் தம்பி. ஓடுகிற படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் மேல் நிற்பதில் வல்லவன், நீந்துவதில் அல்ல. திருத்துங்கள் என்று அன்றைக்கே சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என் பெயர் தினகரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வருகிற பொருளைப் பார்த்து, சரி என்றோ தள்ளு என்றோ ஒரு வார்த்தை சொல்வதுதான் என் வேலை. என் வார்த்தையை நம்பித்தான் பொருள் கேட்டைத் தாண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தம் இருப்பதுபோல் நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். சம்பந்தம் இல்லை.

வேப்பம்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரை. அசோக் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா பழைய வீட்டை இடித்து மாடி கட்டினார். வாசல் கதவின் ஒரு பலகை மிஞ்சியது. ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த துலுக்கானம் அப்பாவுக்குக் கூட்டாளி, அவரிடம் டீசல் எஞ்சின் வைத்த படகு இருந்தது. காணும் பொங்கல் அன்று ஊரெல்லாம் கடற்கரைக்கு ஓடும்போது, அப்பா அந்தக் கதவைப் படகுக்குப் பின்னால் கட்டி எங்களை ஒவ்வொருவராக ஏற்றி இழுக்கச் சொன்னார். என் தங்கை ஹேமாவதி கதவின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கல்யாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனாள். அம்மா கரையில் நின்று கத்திய கத்தலில் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. எங்கள் குடும்பத்தின் சந்தோஷம் எது என்று கேட்டால் நான் அந்த நாளைத்தான் சொல்வேன். ஹேமாவும் அதைத்தான் சொல்வாள், கேட்டுப் பாருங்கள்.

அன்று அசோக் கதவின் மேல் எழுந்து நின்றான். நின்ற வேகத்தில் விழுந்தான். விழுந்தவன் கயிற்றை விடாமல் பிடித்துக்கொள்ள, படகு அவனை இழுத்துக்கொண்டே போனது. படகு ஓட்டுகிறவர் முன்னால்தான் பார்ப்பார், எஞ்சின் சத்தத்தில் பின்னால் நடப்பது காதில் விழாது. நான் படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். "நிறுத்து" என்று நான்தான் கத்தினேன். தலையில் பாசியோடு வெளியே வந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாசிக் கிரீடம்" என்று அப்பா பேர் வைத்தார். வருஷா வருஷம் அந்தக் கதையைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் சாப்பாட்டு இலை எடுத்ததில்லை. ஒருமுறை அவனைக் காப்பாற்றியவன் நான் என்பதும் உங்கள் எழுத்தில் இருக்கட்டும்.

அன்றிலிருந்து அப்பா ஒரு வழக்கம் வைத்தார். படகில் பின்பக்கம் பார்த்து ஓர் ஆள் கண்டிப்பாக உட்கார வேண்டும். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்கவே கூடாது, அந்த ஆள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் அந்த ஆள் "கையைக் காட்டு" என்பார். தண்ணீரில் இருப்பவர் இரண்டு உள்ளங்கையையும் மாற்றி மாற்றி விரித்துக் காட்ட வேண்டும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. சுற்றிக்கொண்டவன் விழுந்தால் கயிற்றை விட முடியாது. இரண்டு கையும் பார்த்த பிறகுதான் "போ" என்று சொல்ல வேண்டும். அந்த ஆளாக அப்பா என்னை நியமித்தார். தண்ணீர் மேல் நிற்க எனக்கு வரவில்லை. பார்க்க வந்தது.

பிறகு ஹேமாவைக் கட்டிக்கொண்டு மணவாளன் வந்தார். ஆவடியில் பைக் மெக்கானிக். பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி, எஞ்சின் பொருத்தி, அதற்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்தார். அசோக் மஸ்கட்டில் வேலைக்குப் போய், காலில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்கும் நிஜப் பலகைகளை வாங்கிவந்தான். அதற்கெல்லாம் அனுமதி வாங்கினோமா என்று கேட்டால், வாங்கவில்லை. வேண்டுமானால் தனி வழக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நாங்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவது அந்த ஒரு நாள்தான். அசோக் எங்கே இருந்தாலும் பொங்கலுக்கு வந்துவிடுவான். அந்த ஒரு நாளுக்காகத்தான் எனக்கு மற்ற நாட்கள்.

போன காணும் பொங்கலுக்கும் வந்தான். மனைவி கிருஷ்ணப்பிரியா, மகள் யாழினி எல்லோரும் வந்தார்கள். கரையில் இலை போட்டுப் புளிச்சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது சொன்னான்.

"ண்ணா, விசா வந்துட்ச்சு. ஆஸ்திரேலியா. மூணு பேருமே போறோம். இனிமே வர்றது கஷ்டம், இதான் கடைசின்னு வெச்சுக்கயேன்."

ஹேமா அழுதாள். மணவாளன் அவளைச் சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, "அப்ப இந்த போட்டு இன்னாத்துக்கு? வித்துட வேண்டியதுதான். நாமளும் பொங்கலுக்கு எங்கனா டூர் போலாம் ஹேமா, அழாத" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கே போகலாம் என்று கேட்டாள். அதற்குள் கிருஷ்ணப்பிரியா போனில் அங்கே இருக்கும் கடலைக் காட்டினாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எனக்கும் காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது.

ஒரு பந்தி முடிவதற்குள் ஒரு குடும்பம் கலைந்துபோவதை நான் பார்த்தேன். மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை, அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதுதான் என் வேலை என்று ஏற்கெனவே சொன்னேன்.

கோபத்தில் செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். கோபம் வந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், அவனும் திட்டியிருப்பான், அதோடு போயிருக்கும். நான் எதையும் திட்டம் போடவில்லை. கயிற்றில் கை வைக்கவில்லை, எஞ்சினைத் தொடவில்லை. வாய்ப்பு அதுவாக வந்தது. அசோக் தண்ணீரில் இறங்கும்போது யாழினி கரையிலிருந்து, "அப்பா, வீடியோ எடுக்கிறேன், எனக்கு டாட்டா காட்டிக்கினே போ" என்றாள். டாட்டா காட்ட ஒரு கை வேண்டும். அவன் கயிற்றை இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அந்தச் சோம்பல் உண்டு.

"கையைக் காட்டு" என்றேன். வலது கையைக் காட்டினான். இடது கை தண்ணீருக்குள் இருந்தது. இன்னொன்றையும் காட்டு என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவன் என் முகத்தைப் பார்த்துக் குறும்பாகச் சிரித்தான், அண்ணன் விட்டுவிடுவான் என்ற நம்பிக்கை. நான் விட்டுவிட்டேன். "போ" என்றேன்.

நன்றாகத்தான் எழுந்து நின்றான். பிள்ளையைப் பார்த்துக் கையை ஆட்டினான். கரை முழுக்கக் கைதட்டல். ஏரியின் நடுவில் படகு திரும்பும்போது விழுந்தான். கயிறு விடவில்லை. கை மட்டும் ஒருமுறை, இன்னொருமுறை மேலே வந்தது. கரையில் இருந்தவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். "பாசிக் கிரீடம், பாசிக் கிரீடம்" என்று ஹேமா கத்தியது எனக்கே கேட்டது. அவர்களுக்கு அது பழைய கதை. டாட்டாவுக்கும் கூப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் கரையிலிருந்து தெரியாது. எனக்குத் தெரிந்தது. அதற்குத்தானே என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

மணவாளன் திரும்பாமலே கேட்டார். "இன்னா மச்சான், கயிறு கனமா இழுக்குது? ஓகேவா?"

"ஓகே மாப்ள. வெளையாடுறான். அந்தக் கரை வரைக்கும் நல்லா இழு."

அவர் இழுத்தார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர் வழக்கத்தை மீறவில்லை. அந்தக் கரை வந்ததும் நான் "நிறுத்து" என்றேன். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். என் தசை ஆடவில்லை. மணவாளன் பார்த்துவிட்டு, உடுத்திய உடுப்போடு குதித்தார். அவருக்கும் நீச்சல் தெரியாது என்பது குதித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. நல்லவேளையாக அங்கே இடுப்பளவுத் தண்ணீர்தான். கயிற்றை நான்தான் அறுத்தேன்.

அன்று உங்களிடம், அவன் கயிற்றைச் சுற்றியதை நான் பார்க்கவில்லை, விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன் என்று சொன்னேன். அது பொய். உங்களுக்குச் சொன்ன ஒரே பொய்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். கிருஷ்ணப்பிரியா விசாவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். "அவரு இங்கதான கீறாரு மாமா, நான் எங்க போவேன்" என்றாள். வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். யாழினி திருநின்றவூரில் பள்ளிக்கூடம் போகிறாள். முன்பு வருஷத்துக்கு ஒருமுறை வந்த ஹேமா மாதா மாதம் திதிக்கு வருகிறாள். ஆடி அமாவாசைக்குக் கொரட்டூர் சித்தப்பா குடும்பம்கூட வந்தது, நாங்கள் முகம் பார்த்துப் பல வருஷமானவர்கள். இலை போதாமல் மாங்காட்டில் இருக்கும் சொந்தக்காரர்களை வரும்போது வாங்கிவரச் சொன்னோம். எல்லோரும் கரையில் உட்கார்ந்து கதவுப் பலகைக் கதையைப் பேசினார்கள், அழுதார்கள், நடுநடுவே சிரிக்கவும் செய்தார்கள். இந்தக் காலத்தில் எந்தக் குடும்பம் இப்படிக் கூடுகிறது, சொல்லுங்கள் மேடம். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை வீட்டுக்கு வீடு ஒரு கிழமும் ஒரு செல்போனும்தான் இருக்கிறது. பிள்ளைகள் முகம் கண்ணாடிக்குள் தெரிகிறது. அதற்குப் பாசம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் என் குடும்பத்தைக் கலைய விடவில்லை. குற்றம் என்று எழுதிக்கொள்ளுங்கள், அது உங்கள் வேலை. வருத்தம் தெரிவித்தார் என்று மட்டும் எழுதாதீர்கள், கையெழுத்துப் போட மாட்டேன்.

அப்படியானால் இப்போது ஏன் வந்து சொல்கிறாய் என்பீர்கள். மணவாளனுக்காக வந்தேன். கவனக்குறைவாகப் படகு ஓட்டினார் என்று நீங்கள் போட்ட வழக்கு அவரை அரித்துவிட்டது. சாப்பிடுவதில்லை. பட்டறையைத் திறப்பதில்லை. படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, உயிர் இருக்கும்வரை அதைத் தொட மாட்டேன் என்று வேம்புலி அம்மன் மேல் சத்தியம் செய்துவிட்டார். திதிக்கு வந்தால்கூட ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார். போன வாரம் ஹேமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"ண்ணா, நீதான பின்னாடி பார்த்துகினு இருந்த. அவரு மேல தப்பில்லன்னு நீயாவது சொல்லுண்ணா. எனக்கோசரம்."

தங்கை கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. சொல்லிவிட்டேன். தப்பு அவர் மேல் இல்லை. அவன் கையில் கயிறு சுற்றியிருந்ததைப் பார்த்தவன் நான், விழுந்ததைப் பார்த்தவன் நான், இழு என்றவன் நான். அசோக்கைக் கொன்றது நான். உங்களிடம் சொல்வது கோர்ட்டில் செல்லாது, மாஜிஸ்டிரேட்டிடம் சொல்ல வேண்டும் என்றீர்கள். அங்கேயும் இதே வார்த்தைகளைச் சொல்கிறேன்.

ஒரே ஒரு உதவி. மணவாளனிடம் இன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள். எஞ்சின் இத்தனை மாதம் சும்மா கிடக்கிறது, இனியும் கிளப்பாமல் விட்டால் இறுகிப்போகும். பொங்கல் நெருங்கிவிட்டது. யாழினி இந்த வருஷம் பலகையில் நிற்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள், அப்பன் மாதிரியே கால். அதற்குள் எனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டால் வழக்கம்போல் நானே பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். வேறு யாரையும் நம்பி அந்தக் குழந்தையைத் தண்ணீரில் இறக்க முடியாது.