கிழக்குப் பார்த்து இருந்த பதினெட்டுப் பேர்

அருளும் அன்பும் நிறைந்த இறைவனின் பெயரால் என் பேச்சைத் தொடங்குகிறேன்.

சபைக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் எங்கள் அதிபர் நெய்னார் சேர் அவர்களே, பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே, கடலுக்குப் போக வேண்டிய நாளில் வலையை வைத்துவிட்டு வந்த வாப்பாமார்களே, வெங்காயத் தோட்டத்தில் பாதி வேலையை விட்டுவிட்டு வந்த உம்மாமார்களே, ஓரத்தில் யாரோடும் கதைக்காமல் இருக்கும் எங்கள் லெய்லா டீச்சர் அவர்களே, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரும் என்னைப் பெற்றவருமான இஸ்ஸதீன் அவர்களே, உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் நிலவட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் பதினோராம் வகுப்பு அப்ரா. நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே வரவேற்புரை என்று இருக்கிறது. வரவேற்றுவிட்டேன். இனி நான் சொல்லப்போவது வாப்பா திருத்தித் தந்த தாளில் இல்லை. இதை வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் எழுதினேன். அதிபர் அவர்களே, எனக்கு ஐந்து நிமிடம் தந்தீர்கள். அது முடியும்வரை என்னை இறக்கிவிட வேண்டாம்.

அதே நிரலில் நாலாவது விடயம் என்ன? டீச்சரின் யோகா வகுப்பை நிறுத்தும் தீர்மானம். அதற்குக் கை உயர்த்துமுன், அந்த வகுப்புக்குள் என்ன நடந்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? யன்னலால் பார்த்தவரைக் கேட்டீர்கள். உள்ளே இருந்தவர்களைக் கேட்டீர்களா?

என் தோழி நிஃப்லாவை உங்களுக்குத் தெரியும். கணிதத்தில் தொண்ணூறுக்குக் கீழே இறங்காதவள். இரண்டாம் தவணைப் பரீட்சையில் வினாத்தாளைத் திருப்பினாள், பேனையைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ரா, எனக்கு மூச்சு வருதில்ல" என்றாள். கதிரையோடு சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்தில் குறையில்லை, நெஞ்சில் குறையில்லை, பிள்ளை பயந்திருக்கிறது என்றார்கள்.

எதற்குப் பயம்? காலையில் பரீட்சைக் கதை. மத்தியானம் ரியூஷன். பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்பது பாடத்திலும் 'ஏ' எடுத்த கதை. சாப்பிடும்போதும் அதே கதை, படுக்கும்போதும் அதே கதை. அந்தக் கதைகளைச் சுமந்த நெஞ்சு எந்த இடத்தால் மூச்சு விடும், சொல்லுங்கள்.

அதன் பிறகுதான் டீச்சர் செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்ட பின் அரை மணித்தியாலம் எங்களைக் கூட்டினார். பாயை விரிப்போம். கையைத் தூக்கி இறக்குவோம், இடுப்பை வளைத்து நிமிர்த்துவோம். பிறகு சம்மணமிட்டு இருந்து கண்ணை மூடுவோம். நாலு எண்ணி மூச்சை எடுப்போம், ஆறு எண்ணி விடுவோம். மனம் ஓடினால் துரத்த வேண்டாம், மூச்சுக்குத் திரும்பி வாருங்கள் என்பார் டீச்சர். மந்திரம் உண்டா? இல்லை. விளக்கு உண்டா? இல்லை. யாரையும் வணங்கினோமா? இல்லவே இல்லை. மபாஸா இரண்டு தரம் நித்திரையாகிக் குறட்டை விட்டாள், அது உண்டு. நீங்கள் சிரிக்கிறீர்கள், அவள் அங்கே தலை குனிகிறாள்.

நாலாவது கிழமை ஒரு சிறு பரீட்சை வைத்தார்கள். நிஃப்லா மணி அடிக்கும்வரை இருந்து எழுதினாள். வெளியே வந்து, "பயம் வந்திச்சு டி. எண்ணினேன். பயம் போயிட்டுது" என்றாள்.

பிறகு எங்கே பிழை வந்தது? பிழை வந்த இடம் நான்.

அந்த அறையில் பின்னேரம் யன்னலால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மூடிய கண்ணுக்குள்ளும் சிவப்பாகத் தெரியும். "டீச்சர், மற்றப் பக்கம் திரும்பி இருப்பமா?" என்று கேட்டது நான்தான். பதினெட்டுப் பேரும் கடலுக்கு முதுகைக் காட்டி, கிழக்கே களப்புப் பக்கம் பார்த்து இருந்தோம். அன்றைக்குத்தான் தண்ணீர் மோட்டார் திருத்த வந்த லத்தீப் நானா யன்னலால் பார்த்தார்.

அவரில் குற்றம் சொல்ல மாட்டேன். நம் ஊரில் தொழுகைக்குத் திசை கேட்பவர் உண்டா? மேற்கே கடல் இருக்கும் பக்கம் கிப்லா. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், முக்காடு போட்ட பதினெட்டுப் பிள்ளைகள் வரிசையாக, கண்ணை மூடி, கிழக்குப் பார்த்து இருந்தால் யாருக்குத்தான் நெஞ்சு திக்கென்று இருக்காது? அவர் கண்டது கிழக்குப் பார்த்த பிள்ளைகளை. அஸருக்குத் தேத்தண்ணிக் கடையில் அது கிழக்கைக் கும்பிட்ட பிள்ளைகள் ஆனது. மஃரிபுக்கு அதில் சூரியன் சேர்ந்தது. இஷாவுக்கு விளக்கும் சாம்பிராணியும் சேர்ந்தன. மூன்று தொழுகைக்குள் எங்களுக்கு ஒரு மார்க்கமே உண்டாக்கிவிட்டார்கள்.

அந்தக் கதை எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தது.

"நீயும் அந்தக் கூட்டத்தில இருந்தியா மகள்?" என்று வாப்பா கேட்டார்.

"இல்ல வாப்பா."

"அப்ப ஆரு இதெல்லாம் தொடங்கினது?"

"நிஃப்லா. அவதான் எல்லாரையும் கூப்பிட்டவ."

சபையோரே, நான் பயந்தேன். என் தோழியின் பெயரை எடுத்து என் பயத்தின் முன்னே நிறுத்தினேன்.

யாரோ "பிள்ளைய இறக்குங்க" என்கிறீர்கள். இறங்குகிறேன் நானா. இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

பதினொரு நாளாக நிஃப்லாவின் கதிரை வெறுமையாக இருக்கிறது. ஊர் வாய்க்குப் பயந்து அவள் வாப்பா அவளைப் பாடசாலைக்கு விடாமல் மறித்துவிட்டார். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் இருபத்தாறு நாள். உங்கள் கையில் இருக்கும் தீர்மானத்தில் "ஒரு மாணவியின் தூண்டுதலால்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த மாணவி யாரென்று இங்கே தெரியாதவர் உண்டா? அந்த வரியோடு தீர்மானம் நிறைவேறினால் அவள் திரும்பி வருவாளா? பரீட்சை மண்டபத்தின் வாசலை மிதிப்பாளா?

வாப்பா, உங்களை நோக்கி ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். போன வருடம் பிரஷர் கூடி கிளினிக்குக்குப் போனீர்கள். மாத்திரையோடு, தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி ஆறுதலாக மூச்சு விடச் சொன்னார்கள். நீங்களும் சாய்வுக் கதிரையில் இருந்து செய்கிறீர்கள், உம்மா பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்கிறா. அந்தக் கதிரை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது? டீவி இருக்கும் பக்கம். டீவி இருப்பது கிழக்கில். உங்களை யாராவது யன்னலால் பார்த்தார்களா? பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? இஸ்ஸதீனுக்கு உடம்புக்குச் சுகமில்லை, பாவம், ஓய்வு எடுக்கிறார் என்றுதானே? அந்த இரக்கம் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கவில்லை?

எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று சொல்லவும் நான் வரவில்லை. பொய் சொன்ன அன்று நானும் கண்ணை மூடி இருந்து பார்த்தேன். நாலு எண்ணி எடுத்தேன், ஆறு எண்ணி விட்டேன். நூறு தரம் எண்ணியும் நெஞ்சு அடங்கவில்லை. பரீட்சைப் பயம் எண்ண எண்ண இறங்கும். உறங்காத கண் உறங்கும், இறுகிய தோள் இளகும், வீட்டில் எரிந்து விழும் வாய் கொஞ்சம் பொறுக்கும். ஆனால் பிறர் மேல் போட்ட பழி மூச்சால் இறங்காது. அது வாயால் ஏறியது, வாயால்தான் இறங்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

ஆகவே சொல்கிறேன். வகுப்பில் நான் இருந்தேன். முதல் நாளிலிருந்தே இருந்தேன். திரும்பி இருக்கச் சொன்னவள் நான். நிஃப்லா யாரையும் தூண்டவில்லை. டீச்சர் எந்தப் பிழையும் செய்யவில்லை. தீர்மானத்தில் ஒரு பெயர் வேண்டுமென்றால், மறைக்காமல் என் பெயரை எழுதுங்கள். வகுப்பை வெயில் இல்லாத நேரத்துக்கு மாற்றுங்கள், உம்மாமார் வந்து எங்களோடு பாயில் இருந்து பாருங்கள், எந்தப் பக்கம் பார்த்து இருக்கச் சொன்னாலும் இருக்கிறோம். மூடிவிட மட்டும் வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும் நான் நிஃப்லாவின் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அவள் வாப்பா என்னை உள்ளே விடுவாரோ தெரியாது. செயலாளர் என்னோடு வந்தால் விடுவார். வாப்பா, வருவீர்களா?

பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட உம்மாமாருக்கும், நேரம் தந்த தலைவர் அவர்களுக்கும் என் நன்றி. உங்கள் எல்லோருடைய நெஞ்சிலும் இறைவன் அமைதியை இறக்கட்டும். வஸ்ஸலாம்.