மூன்று சொல், ஒரு சொல்

– ஒரே வரி, டீச்சர். ‘உங்கள் மகன் இறந்துவிட்டார்.’ இதுக்குப் போய் ரெண்டு மணி நேரமா பேனா மூடியைக் கடிச்சுட்டு இருக்கீங்க.

– உனக்கு ஒரே வரி, ரேடியோ. ஜாவா பாஷையில அது மூணு வரி.

– எப்படி மூணு?

– செத்துப் போறதுக்கு மூணு சொல்லு இருக்கு. மத்தி, பெஜா, சேதோ.

– மத்தி மீன் பேராச்சே.

– சிரிக்காதே. மாடு செத்தாலும் மத்தி, விளக்கு அணைஞ்சாலும் மத்தி. கூட்டாளிங்க தங்களுக்குள்ள சொல்லிக்கலாம். மரியாதையா பேசறப்ப பெஜா. இறந்தவங்களையே உசத்திச் சொல்லணும்னா சேதோ.

– நமக்கும்தான் இருக்கு. செத்தான், இறந்தார், காலமானார்.

– இருக்கு. ஆனா நாம ஒரு சொல்லை மாத்தினா போதும். அங்க வீடு, சோறு, வந்தான், போனான் எல்லாம் கூடவே மாறும். பேசறவன் எந்தப் படியில நிக்கறான், கேக்கறவங்க எந்தப் படியில இருக்காங்கன்னு வாயைத் திறந்ததுமே தெரிஞ்சுடும். இங்க பேசறது கட்டடக் கம்பெனி, நாம மொழிபெயர்த்துக் குடுக்கறவங்க. கேக்கறது ஒரு சலவைக் கடையில இஸ்திரி போடற அம்மா.

– அப்ப பெரிய மரியாதையாவே கொடுத்துடுங்க. சேதோ.

– உயிரோட இருந்தப்ப அந்தப் பையனை ‘டேய் அஞ்சாம் நம்பர்’னு கூப்பிட்டாங்க. சாரம் சரிஞ்சு கீழ விழுந்தப்புறம் சேதோவா? அந்தம்மா படிச்சா காறித் துப்பும்.

– பெஜா?

– நோட்டீஸ் போர்டுல ஒட்டின மாதிரி இருக்கும். சரி, விடு. கூடவே விழுந்த இன்னொரு பையன் வீட்டுக்கு நீ எழுத வேண்டிய மோஸி பாஷைக் கடிதம் எங்கே? மேனேஜர் ரெண்டையும் அஞ்சு மணிக்குக் கேட்டாரு.

– என்னுதுக்குக் கடிதமே கிடையாது.

– ஏன்?

– அதுல சொல்லை ஏத்தி இறக்கிச் சொல்லணும். எழுத்துல அது சரியா வராது. வந்தாலும் அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதான் காலையிலயே போன் பண்ணிட்டேன்.

– பண்ணிட்டியா? நாள் பூரா அலறிட்டு இருப்பே, இன்னிக்கு வாயே திறக்கல. எந்தச் சொல்லைச் சொன்னே?

– அங்க சாவுக்கு ஒரே சொல்லுதான், டீச்சர். கீ. உங்க மத்தி மாதிரி. ஆள் போனாலும் கீ, அடுப்பு அணைஞ்சாலும் கீ.

– அப்ப மரியாதையை எங்கே வைப்பாங்க?

– முன்னாடியே வச்சுடுவாங்க. உங்க ஜாவாக்காரங்களுக்குச் சொல்லுல. அவங்களுக்கு வரிசையில.

– என்ன வரிசை?

– நலம் விசாரிக்கற வரிசை. விடிஞ்சது எப்படி, உடம்பு எப்படி, வீட்ல எப்படி, வேலை எப்படி. எல்லாத்துக்கும் ஒரே பதில். லாஃபி. சுகம்னு அர்த்தம். காய்ச்சல்ல கிடந்தாலும் முதல்ல லாஃபிதான். அவங்க ஊர்ப் பஞ்சுக் கிடங்குல பன்னெண்டு வருஷம் இருந்தவன் நான். கை அலம்பற மாதிரி வந்துடும்.

– சரி. அதெல்லாம் முடிஞ்சதும் சொல்லிட்டே.

– இல்ல.

– ரேடியோ.

– விடிஞ்சது எப்படின்னாங்க. லாஃபின்னேன். வீட்ல எப்படின்னாங்க. லாஃபி. வேலை எப்படி? லாஃபி. என் பையன் எப்படின்னாங்க. அதே மூச்சுல, டீச்சர். குரல்ல ஒரு வித்தியாசமும் இல்ல.

– நீ என்ன சொன்னே?

– லாஃபி.

– அட பாவி.

– அதோட நிறுத்தலை. லாஃபி பாலான்னு வேற சொன்னேன். சுகம் மட்டும்தான்னு அர்த்தம். அந்தம்மா ‘நீ நல்லா இரு’ன்னு வாழ்த்திட்டு வச்சுட்டாங்க.

– செத்து ரெண்டு நாளாச்சு. பெட்டி இன்னிக்குச் சாயங்காலம் விமானத்துல ஏறுது. வாசல்ல போய் நிக்கும்போதுதான் அவங்களுக்குத் தெரியணுமா?

– தெரியும். அதான் ஒண்ணும் தோணாம உக்காந்திருக்கேன். பசிக்கக்கூட இல்ல.

– எனக்கும்தான். டீ ஆடை கட்டிக் கிடக்கு பாரு.

– ரெண்டு பசங்களும் ஒரே ரூமாம். உங்க பையனுக்கு மோஸி தெரியாது, என் பையனுக்கு ஜாவா தெரியாது. எதுல பேசிக்கிட்டாங்களோ. அந்த ரூம்ல எப்பவும் சிரிப்புச் சத்தம்தான்னு வாட்ச்மேன் சொல்றான்.

– இப்ப அதுவா முக்கியம்? போனை எடு. நான் பக்கத்துல இருக்கேன்.

– திரும்ப முதல்லேருந்து வரிசை வருமே.

– வரட்டும். பையன்கிட்ட வந்ததும் உன் கையைக் கிள்ளறேன். மணி அடிக்குதா?

– அடிக்குது. எடுத்துட்டாங்க… லாஃபி. லாஃபி. லாஃபி… லாஃபி.

– கேட்டாங்களா?

– லாஃபி பாலா… கேக்கலை, டீச்சர். வேலையோட நிறுத்திட்டாங்க.

– அப்ப நீயே சொல்லு. அந்த ஒத்தைச் சொல்லு. சொல்லு, ரேடியோ.

– இருங்க, அவங்க ஏதோ பேசறாங்க.

– என்னவாம்?

– தெரியுமாம்.

– என்னது?

– சைட்ல இருக்கற ஊர்க்காரப் பையன் ஒருத்தன் முந்தாநாளே சொல்லிட்டானாம்.

– அப்ப காலையில எதுக்குக் கேட்டாங்க?

– இத்தனை வருஷமும் அவன் வரிசையில இருந்தானாம். கடைசியா ஒரு தடவை வச்சுப் பாத்தாங்களாம். நான் சொன்னதுல தப்பில்லையாம்.

– இரு, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்.

– டீச்சர், அழறீங்களா?

– இல்ல. வரலை. வேற என்ன சொல்றாங்க?

– இன்னொரு பையனோட அம்மா நம்பர் கேக்கறாங்க.

– அஞ்சாம் நம்பரோட அம்மாவோடதா?

– ஆமா. கம்பெனி எழுத வேண்டாமாம், அவங்களே பேசிக்கறாங்களாம்.

– ஜாவாவுல ஒரு சொல்லுகூடத் தெரியாதே அவங்களுக்கு. எந்தப் பாஷையில பேசுவாங்களாம், கேளு.

– கேட்டுட்டேன். பசங்க ரெண்டு பேரும் எதுல பேசிக்கிட்டாங்களோ அதுலயாம்.