மிச்ச ஜனம் பாதிப் பாதி

“மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாயிருச்சுப்பா. அதான் மிச்ச ஜனத்தை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கிட்டோம்.”

மன்னவனூர் பேருந்தில் முன் இருக்கையிலிருந்து இது காதில் விழுந்ததும் சத்தமில்லாமல் ஜன்னலைச் சாத்தினேன். பேசியவள் ஜெர்மனியில் சர்வதேச அரசியல் படிக்கிறவள், விடுமுறைக்கு வீடு திரும்புகிறாள். அப்பா அவள் பையை மடியில் வைத்திருந்தார்.

“எந்த ஜனத்த?”

“இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஜனத்தை. அந்தக் காலத்து ஒப்பந்தத்தை நடிச்சுப் பாக்கிற மாதிரி, எந்த நாடு எத்தனை பேரை எடுத்துக்கிறதுன்னு வகுப்புல எங்களையே பேசி முடிக்கச் சொன்னாங்க. நான் இந்தியா. ஒரு ஜெர்மன்காரப் பையன் இலங்கை.”

“நம்ம கதையில்லையா அது?”

“ஆமாப்பா. அந்தப் பாதிக்கு மேல ஒரு ஆளைக்கூட எடுக்க மாட்டேன்னு கறாரா நின்னேன். டீச்சர் ரொம்பப் பாராட்டுனாங்க.”

“நாங்க அங்கன இருந்து வந்தவகன்னு சொன்னியா?”

“எப்படிப்பா சொல்றது? நான்தான் இந்தியால்ல.”

பூம்பாறை வளைவில் மடியிலிருந்து சரிந்த பையை அவர் நிமிர்த்தி வைத்தார்.

“நாளைக்கு அட்டன் தோட்டத்துல இருக்க ஒங்க அத்தைக்குப் போன் போடணும் தாயி. எங்ககூட வர முடியாம அங்கனயே நின்னவ. அவள எடுக்க மாட்டேன்னது நீதான்னு சொல்லிறாத.”