தண்ணி அளக்கப் போனவர்

சாயங்காலம் ஆறே கால். ஆத்தங்கரை மேல மண் ரோடு... ஒரு ஈ காக்கா கிடையாது. சைக்கிள் செயின் சத்தம் மட்டும்... கிர்ர்... கிர்ர்...

ஓட்டிட்டுப் போனது என் சிநேகிதனோட சித்தப்பா. பாலத்துத் தூண்ல அடி அடியா கோடு போட்டிருக்கும் பாருங்க, அதைப் பார்த்து ஆத்துல தண்ணி எத்தனை அடின்னு ஆபீசுக்குப் போன்ல சொல்லணும். அதான் வேலை. நாலு வருஷமா ஒரே பதில்... "பூஜ்யம்."

சிரிக்காதீங்க. மேல அணை கட்டித் தண்ணியை வேற பக்கம் திருப்பிட்டாங்க. மொதல்ல மீன் போச்சு. அப்புறம் கொக்கு, நாரை. வயல் காஞ்சது, மாட்டை வித்தாங்க, ஜனங்க வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பிட்டாங்க. படகுக்காரர் மட்டும் போகல... ஒரு நாள் மணல்ல நின்ன படகுக்குள்ளயே செத்துக் கிடந்தார். தனியாளா தூக்கிட்டு வந்தது சித்தப்பாதான்.

கல்யாணம் ஆகாத மனுஷன். பேச்சுத்துணைன்னா போன்ல அளவு கேக்குற ஆபீஸ் பொண்ணுதான்... தினம் அரை நிமிஷம்.

அன்னிக்குப் பாலத்துக்கிட்ட சைக்கிளை நிறுத்துறார்... ஈரச் சேத்து வாசம். மீன் கவிச்சியோட. அப்புறம் துடுப்பு... சளக்... சளக்... மாடு தண்ணி உறிஞ்சுற சத்தம். யாரோ துணி தோய்க்கிறாங்க. இருட்டு கட்டிட்டு வருது, கண்ணுக்கு ஒண்ணும் தெரியல.

கீழருந்து படகுக்காரர் குரல்.

"ஏறு மச்சான். எல்லாரும் வந்தாச்சு. உனக்காகத்தான் நிக்குது."

பயம் வரணும்ல? இவருக்கு அழுகை வந்திருச்சு. ஆத்துக்குள்ள போற படிக்கட்டுல ரெண்டு படி எறங்கிட்டார்.

அப்ப பார்த்துப் போன் அடிக்குது. ஆபீஸ் பொண்ணு. "சார், இன்னிக்கு அளவு?"

டார்ச் அடிச்சார். தூணுக்கு அடில காஞ்ச மணல். பழக்கதோஷத்துல வாய் சொல்லிருச்சு... "பூஜ்யம்மா."

சட்டுனு எல்லாம் நின்னு போச்சு. வாசம்கூட இல்ல.

"என்ன சார் பூஜ்யம்னு சொல்றீங்க? பின்னாடி தண்ணி சத்தம் அவ்ளோ கேக்குது... கும்பலா பேசுறாங்களே?"

அவருக்கு எதுவும் கேக்கல.

அதுலருந்து தினமும் அளவு சொன்னதும் போனை ஆத்துப் பக்கம் நீட்டிப் பிடிப்பார். "கேக்குதாம்மா?"

"இல்ல சார்."

மாசக்கணக்கா இதேதான். வேற ஊருக்கு மாத்தல் வந்தது... வேண்டவே வேண்டாம்னுட்டார்.

போன வாரம் நீட்டினார்.

"கேக்குது சார்... நிறைய பேர் சிரிக்கிறாங்க. அதுல உங்க சிரிப்புதான் சத்தமா இருக்கு."

ஆனா பாலத்துக்கிட்ட நின்ன சித்தப்பா உதட்டைக்கூட அசைக்கல.