வெளிய போய்க் கட்டியாகற புரோட்டீன்

இல்ல அண்ணி, உள்ள அண்ணனுக்குப் பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க. தசையில சின்ன ஊசியா குத்தி, நரம்பு சொல்றது கைக்குப் போய்ச் சேருதான்னு பாப்பாங்க, அவ்வளவுதான். வலிக்குமா? கொஞ்சம் வலிக்கும். அண்ணன் உங்ககிட்ட வாங்குற திட்டை விடக் கம்மிதான்.

சரி சரி, முறைக்காதீங்க. வாயை மூடினா பயமா இருக்கு, அதான் பேசிட்டே இருக்கேன்.

என் லேபா? அங்க நான் என்ன கிழிக்கறேன்னு இப்பத்தான் கேக்கறீங்க. சொந்தக்காரங்ககிட்டயெல்லாம் எலி வளக்கறவன்னு சொல்லி வெச்சிருக்கீங்களே! சொல்றேன், கேளுங்க. செல்லுக்கு நடுவுல ஜீன் இருக்கா, அதுல இருந்து ஒரு நகல் எடுப்பாங்க. ஆர்.என்.ஏ.ங்கறது அதான். அந்த நகல்ல வேண்டாத துண்டெல்லாம் கலந்திருக்கும். அதைப் புடிச்சுக்கற புரோட்டீன் சிலது உண்டு. எதை வெட்டணும், எதை எங்க அனுப்பணும், எது எவ்வளவு நேரம் இருக்கணும், எல்லாம் அதுங்க பாத்துக்கும். அதுல ஒண்ணைத்தான் நான் இத்தனை வருஷமா பாத்துட்டிருக்கேன்.

அது சில பேருக்கு நரம்பு செல்லுல நடுவுல நிக்காம வெளிய போய்க் கட்டி கட்டியா ஒட்டிக்கும். உள்ள வேலை பாக்க ஆள் இல்ல. வேண்டாத துண்டெல்லாம் நகல்ல சேந்துடும். உருப்படியா ஒண்ணும் தயாராகாது. நரம்பு கொஞ்சம் கொஞ்சமா செத்துடும், கை காலுக்குப் பலம் போயிடும்.

போன மாசம் அண்ணன் சாவியைத் திருப்ப முடியாம வாசல்ல நின்னாருல்ல? பூட்டுக்கு எண்ணெய் விடணும்னீங்க. நானும் ஆமான்னு தலையாட்டினேன். ஆனா அண்ணி, அப்பாவுக்குப் பல் தேய்க்கற பிரஷ் கையில நிக்காம விழுந்துச்சே, அதுதான் ஞாபகம் வந்துச்சு. வயசாயிடுச்சுன்னு விட்டுட்டோம் அப்போ, இந்த வியாதியா இருக்கும்னு தோணவேயில்ல.

மறுநாள் லேப்ல மைக்ரோஸ்கோப்புல பாத்தா, சாயம் ஏத்தின அந்தப் புரோட்டீன் பச்சையா மின்னிட்டுக் கட்டி கட்டியா கிடக்கு. தினமும் பாக்கறதுதான். படம் நல்லா வந்திருக்குன்னு சந்தோஷம்கூடப் படுவேன். அன்னிக்கு உக்கார முடியல. எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

மருந்தா? தேடிட்டிருக்கோம். உங்ககிட்டப் பொய் சொல்ல வரல எனக்கு.

அழாதீங்க. அண்ணனுக்கு இது வெறும் கழுத்து நரம்பு அழுத்தமாக்கூட இருக்கலாம். அதைப் பாக்கத்தானே வந்திருக்கோம்.

பாப்பாவுக்கா? அண்ணனுக்கு ஜீன்ல அந்தப் புரோட்டீனைக் கெடுக்கற கோளாறு இருந்தா, அவளுக்கும் இருக்கறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருந்தாலும் வியாதி வந்தே தீரும்னு இல்ல. சில பேருக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆகாது.

குடும்பத்துல அது இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியுமா... அது ஒண்ணுமில்ல அண்ணி, என் ரத்தத்தைக் குடுத்துப் பாத்தேன். முந்தாநேத்து முடிவு வந்துச்சு. எனக்கு இருக்கு.

அய்யோ, கையை விடுங்க, கதவு தொறக்குது. கண்ணைத் தொடைங்க. அண்ணன்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. முதல்ல அவரு கையில இருக்கற சட்டையை வாங்கி மாட்டி விடுங்க, பட்டனை நான் போட்டு விடறேன்.