தினம் ஓர் அவுன்ஸ்

தேநீரில் சர்க்கரை கொஞ்சம் குறைவு, இன்ஸ்பெக்டர் ஐயா. நான்கு நாளாக வருகிறீர்கள், இந்நேரம் என் கைப்பக்குவம் பழகியிருக்கும்.

மணியன் மேஸ்திரியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். வண்டூருக்கு அந்தப் பக்கம் இந்த மரவெட்டு முகாமில் அவர் மேஸ்திரி, நான் கம்பவுண்டர். ஐம்பத்தெட்டில் ஒரே கப்பலில் அந்தமானுக்கு வந்தோம். என் மனைவி சென்னைத் துறைமுகத்தில் கடலைப் பார்த்தவள், அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். முகாமில் வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள் எல்லாரும் இந்தியில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அது கடைசிவரை வாயில் நுழையவில்லை. சாயங்காலம் மரம் இழுக்கும் யானைகளைக் குளிப்பாட்ட ஓட்டிக்கொண்டு போய்விட்டால் எனக்குப் பேச ஆள் கிடையாது. மேஸ்திரி மட்டும் தினமும் என் அறைக்கு வருவார். பிராந்தி குடித்தபடி ஊர்க்கதை பேசுவார். நான் குடிப்பதில்லை. அந்த வாடையே எனக்கு ஆகாது.

அறுபத்து மூன்று மார்கழியில் அவருக்கு மஞ்சள்காமாலை கண்டது. போர்ட் பிளேரில் பதினோரு நாள் படுத்திருந்தார். அந்தப் பதினோரு நாளும் நான் மருந்துச் சீசாக்களோடு பேசினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் ஒரு சீட்டோடு வந்து நின்றார்.

"டாக்டர் சாப் இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்துட்டு, உங்க கம்பவுண்டர் சொல்லுவார்னுட்டார். தாரு பந்த் பண்ணணும், குடிக்கவே கூடாதுன்னா சொல்லிடுங்க சார், இன்னிக்கே விட்டுடறேன். தங்கம் வேற அடுத்த கப்பல்ல வர்றா."

தங்கம் அவர் மனைவி. சீட்டை இரண்டு முறை படித்தேன். ஈரல் கெட்டுவிட்டது, இனி ஒரு சொட்டு குடித்தாலும் உயிருக்கு ஆபத்து என்று தெளிவாக எழுதியிருந்தது. குடியும் இல்லை, வீட்டில் மனைவியும் வந்துவிட்டாள் என்றால் இவர் எதற்காக இங்கே வரப்போகிறார் என்று யோசித்தேன்.

"பந்த் எல்லாம் வேண்டாம் மேஸ்திரி," என்றேன். "அளவா குடிச்சா உடம்புக்கு நல்லதுன்னுதான் எழுதியிருக்கார். தினம் ஒரு அவுன்ஸ். நானே அளந்து தரேன்."

மிக்சர் சீசாவில் வேளைக் கணக்குக்குக் காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்டுவோம். பிராந்திச் சீசாவிலும் அப்படி ஒட்டினேன். அந்தக் காகிதம் இருந்தால் முகாமில் யாருக்கும் அது மருந்துதான். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு மடக்கென்று குடிப்பார். தங்கம் வந்த பிறகு, "மருந்து வேளையாச்சு, போயிட்டு வாங்க," என்று அவளே அனுப்பிவைத்தாள்.

ஏழு மாதம் ஒரு நாள் தவறாமல் வந்தார். நான் அவ்வளவு சந்தோஷமாக என்றைக்கும் இருந்ததில்லை. கால் வீங்கி, வயிறு உப்பிய பிறகும் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"நிறுத்திப் பாக்கலாமா சார்?" என்று ஒருநாள் கேட்டார்.

"நடுவுல நிறுத்தினா கெடுதல்," என்றேன்.

ஆடியில் ரத்தமாக வாந்தி எடுத்துப் போய்விட்டார். "நீங்களும் எவ்வளவோ பாத்தீங்களே," என்று தங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, ஐயா.

சீட்டு அவர் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பப் போனவள் கப்பல்துறையில் யாரிடமோ அதைப் படிக்கக் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் நீங்கள் வந்தீர்கள்.

என்னைக் கேட்டால், ஒரு நாளும் ஓர் அவுன்சுக்கு மேல் நான் ஊற்றியதில்லை.

இத்தனை நாள் யானை, கப்பல், மழை என்று சுற்றி வளைத்துவிட்டேன். முதல் நாளே சொல்லியிருக்கலாம். சீட்டைப் படித்தேன், தெரிந்தேதான் கொடுத்தேன், நான்தான் அவரைக் கொன்றேன். இவ்வளவுதான் விஷயம். முழுவதையும் அன்றைக்கே சொல்லியிருந்தால் நீங்கள் மறுநாள் வந்திருக்க மாட்டீர்கள்.

வாக்குமூலத்தில் கையெழுத்தை மட்டும் நாளைக்குப் போடட்டுமா, ஐயா?