ஒரு வரி மேலே

செய்யவேண்டிய வேலைகளைக் குறித்துவைக்க ஒரு செயலி வேண்டுமென்றால், இலவசமாகக் கிடைப்பதே போதும் சார். காசு கட்டினால் கூடுதலாக வருவது வண்ணங்கள் மட்டும்தான். இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் தம்பி அறிவழகன் என்னிடம் ஒப்படைத்த முதல் வேலையே அதுதான். இருக்கிற செயலிகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, எங்கள் கம்பெனிக்கு ஏற்ற ஒன்றை நான் பரிந்துரைக்க வேண்டும்.

கம்பெனி என்று நான் சொல்வது செராமிக் எஸ்டேட்டில் எங்கள் அப்பா விட்டுப்போன கொட்டகையை. பீங்கானில் ஃப்யூஸ் கேரியர் செய்வோம், கார்த்திகை வந்தால் அகல் விளக்கு, கொலு வந்தால் பொம்மை. எரிவாயுவில் ஓடும் சூளை ஒன்று உண்டு. தம்பி சென்னையில் ஒரு நிறுவனத்தில் மனிதவளம் பார்த்துக்கொண்டிருந்தான். கொரோனா வந்தபோது அந்த நிறுவனம், அவனுடைய வளம் இதுவரை போதும் என்று சொல்லிவிட்டது. ஊருக்கு வந்தவன் முதல் காரியமாக விசிட்டிங் கார்டு அடித்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் தலைமைச் செயல் அதிகாரி ஒருவர் உட்கார்ந்தது எஸ்டேட்டிலேயே அதுதான் முதல் தடவை. எனக்கும் ஒரு கார்டு கொடுத்தான். ‘ராஜமாணிக்கம், ஆலோசகர்’ என்று போட்டிருந்தது. அதுவரை சூளையை ஏற்றியதும் அணைத்ததும் நான்தான். அந்த வேலைக்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை, நானும் கேட்டதில்லை.

செயலிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றில் வேலையை முடித்தால் செடி வளர்கிறது, முடிக்காவிட்டால் வாடுகிறது. எனக்கு இருக்கிற கவலையில் அதற்கு வேறு தண்ணீர் ஊற்ற முடியாது. ஒன்று புள்ளிகள் கொடுத்து, கடைசியில் ஞானி என்று பட்டம் கொடுக்கிறது. இன்னொன்று விடிந்ததும் விடியாததுமாக, “இன்று உங்கள் ஒரே உயரிய நோக்கம் என்ன?” என்று கேட்டது. மோட்டார் போடுவது என்று எழுதினேன். அது என்னைப் பாராட்டியது.

நான் தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே சாதாரணமானது. பட்டியல் போடலாம். ஒவ்வொரு வேலையையும் ஒருவர் பெயரில் ஒதுக்கலாம். ஒரு வரியை விரலால் பிடித்து மேலேயோ கீழேயோ இழுத்து வரிசையை மாற்றலாம். முடித்ததும் டிக் அடிக்கலாம். யார் டிக் அடித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். யார் வரிசையை மாற்றினார் என்பது தெரியாது. அந்தச் சமயத்தில் இதை ஒரு குறையாகத்தான் தம்பிக்கு எழுதிக் கொடுத்தேன். அவன் படிக்கவில்லை.

எல்லோருடைய போனிலும் ஏற்றிக் கொடுத்ததும் நான்தான். பொருள்களைக் கிளேஸ் பூச்சில் முக்கியெடுக்கிற பாஞ்சாலை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

“இன்னா பெரியவரே, சின்னவரு போன்லயே பிராது கட்டச் சொல்றாரு?” என்றாள். கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை ஒரு தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருவோமே, அதைச் சொன்னாள்.

“ஆமாம், எழுதிப் போட்டா நடக்கும்.”

“கோயில்ல நடந்துடுச்சின்னா பிராத வாபஸ் வாங்கி ராஜினாமா பண்ணணும். இதுல?”

“டிக் அடிக்கணும்.”

“நடக்கலன்னா?”

“அப்பவும் டிக் அடிக்கலாம். யாரு வந்து பாக்கப் போறாங்க?”

“அப்ப சாமியே தேவலாம்” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் இருக்கிற இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது.

என் பெயரில் வேலைகள் வர ஆரம்பித்தன. ‘காலையில் தொழிலாளர்களைப் பார்த்துப் புன்னகைக்கவும்.’ தினமும் திரும்ப வருகிற மாதிரி வைத்திருந்தான். நான் தினமும் டிக் அடித்தேன், புன்னகைக்கவில்லை. ஒரு நாள், ‘சூளையின் கேஸ் வால்வை மாற்றவும்’ என்று வந்தது. அந்த வால்வு பழையது. மூடினாலும் முழுசாக மூடாது. ராத்திரியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூளைக்குள் கேஸ் சேர்ந்திருக்கும். அதனால் காலையில் எந்த நெருப்பையும் கிட்டே கொண்டுபோவதற்கு முன்னால் புளோயரை ஓட விட்டு உள்ளே இருப்பதை வெளியே தள்ளிவிடுவேன். புது வால்வு வெளியூரிலிருந்து வரவேண்டும். செயலிக்கு அது புரியாது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. மணியை நிறுத்துவதற்காக டிக் அடித்தேன். “சூப்பர்ண்ணே” என்று தம்பி கட்டைவிரல் அனுப்பினான். சூளையைப் பார்க்க அவனுடைய அறையிலிருந்து எட்டிப் பார்த்தாலே போதும். எட்டிப் பார்க்கவில்லை. ஒரு டிக்குக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு ஒரு நாள் என்னை எதிரே உட்காரவைத்துப் பேசினான்.

“அண்ணே, தனி மனுஷனை நம்பி ஒரு நிறுவனம் இருக்கக் கூடாது. ஒங்க தலையில இருக்குறதையெல்லாம் ஆப்ல ஏத்திடுங்க. யாரு வேணா சூளை ஏத்தலாம்னு ஆவணும். அப்புறம் நீங்க ஃப்ரீ.”

“ஃப்ரீன்னா?”

“வூட்ல ரெஸ்ட் எடுங்கண்ணே. மரியாதையா ஒரு எக்சிட் பிளான் வெச்சிருக்கேன்.”

“யாருக்குடா?”

“ஒங்களுக்குத்தான்.” முகத்தில் புன்னகை இருந்தது. அவனுக்கும் அந்த வேலை ஒதுக்கப்பட்டிருக்கும்.

நான் கோபப்படவில்லை. என் தலையில் இருந்ததையெல்லாம் ஒழுங்காக ஏற்றினேன். ‘சூளை ஏற்றுதல்’ என்ற பட்டியலில் கடைசி மூன்று வரிகள் இவை. புளோயர் ஓட்டவும். கற்பூரம் ஏற்றவும். பர்னர் பற்றவைக்கவும். சூளை வாயில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் நாங்கள் பற்றவைப்போம். அதை முதலாளி கையால் ஏற்றுவது வழக்கம். அப்பா இருந்தவரை அப்பா ஏற்றினார். இப்போது தம்பி ஏற்றினான். ஏற்றும்போது தன்னை வீடியோ எடுத்து, ‘நெருப்போடு ஒரு தலைவனின் உரையாடல்’ என்று ஸ்டேட்டஸ் வைப்பான். நெருப்பு என்ன பதில் சொன்னது என்று ஒரு நாளும் போட்டதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு மதியம் பாஞ்சாலை கருவாட்டுக் குழம்பைத் திறந்தபோது கொட்டகையே மணத்தது. தம்பி சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தான். கருவாட்டு வாசனை வந்தால் சின்ன வயதிலேயே ஊரைக் கூட்டுகிறவன் அவன். தனியாகக் கேட்டேன். “கொரோனாவுக்கு அப்புறம் எந்த வாசனையும் தெரியறதில்லண்ணே. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. லீடருக்கு அது வீக்னஸ்” என்றான். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர் நம்பிச் சொன்னதைக் காப்பாற்றுவதில் நான் கண்டிப்பானவன்.

என்றைக்கு மாற்றினேன் என்று கேட்டீர்கள். என்னுடைய எக்சிட் பிளானை அவன் எல்லோர் முன்னாலும் கேக் வெட்டி அறிவித்த அன்று. கேக்கில் ‘நன்றி ஆலோசகரே’ என்று எழுதியிருந்தது. என் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, கைகழுவிவிட்டு, போனைத் திறந்தேன். கற்பூரம் என்ற வரியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, புளோயருக்கு மேலே கொண்டுபோய் விட்டேன். போன் லேசாக அதிர்ந்தது. அந்த வரி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

புருவம் கருகினால் போதும் என்றுதான் நினைத்தேன் என்று சொன்னால் நீங்கள் அப்படியே எழுதிக்கொள்வீர்கள். வழக்குக்கும் அது எனக்கு வசதி. ஆனால் அந்தச் சூளை எனக்குத் தெரியும் சார். புருவத்தோடு நிற்காது. வாசனை தெரியாதவன் கற்பூரத் தட்டோடு அதன் வாய்க்கு நேரே நிற்கவேண்டும், அவனே நம்புகிற பட்டியல் அவனை அங்கே நிறுத்தவேண்டும் என்பதுதான் நான் நினைத்தது.

அடுத்த முறை சூளை ஏற்றுகிற நாளில் நான் வேப்பூர் போனேன். ஒரு கடைக்காரரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருந்தேன். நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலில் உட்கார்ந்து பொங்கல் சொன்னேன். இலை வந்தது. அப்போது போனில் அறிவிப்பு வந்தது. ‘கற்பூரம் ஏற்றவும்: பாஞ்சாலைக்கு மாற்றப்பட்டது.’

அவனுக்கு அந்நேரம் ஏதோ வீடியோ கூட்டம். பொறுப்பைப் பகிர்ந்தளிப்பது எப்படி என்று யாருக்கோ வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

பாஞ்சாலையின் நம்பர் என்னிடம் இருந்தது. நேரமும் இருந்தது. நான் அதை மறைக்கவில்லை. போன் செய்து, கற்பூரத்தை ஏற்றாதே என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். கேட்காமல் விடுகிறவள் இல்லை. வரிசை தப்பு என்று நான் சொல்லவேண்டும். வரிசை மாறியிருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று தம்பி கேட்பான். யோசித்துப் பார்த்தேன். என் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அன்று எனக்கு ஒதுக்கியிருந்த எல்லா வேலையும் முடிந்திருந்தது. பொங்கலைச் சாப்பிட்டேன். மிளகு அதிகம்.

மீதியை ஆஸ்பத்திரியில் தம்பி அழுதுகொண்டே சொன்னான். பாஞ்சாலை அவன் அறை வாசலில் வந்து நின்றிருக்கிறாள்.

“சின்னவரே, சூளையாண்ட கேஸ் நாத்தம் அடிக்குது.”

அவன் மூச்சை இழுத்துப் பார்த்திருக்கிறான். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் முடியாது. போனைத் திறந்து காட்டியிருக்கிறான்.

“வால்வே மாத்தியாச்சு, பாருங்க. அண்ணன் டிக் அடிச்சிருக்காரு.”

“பெரியவரே பாத்துட்டாருன்னா சரிதான்” என்று சொல்லிவிட்டுக் கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

சூளைக் கதவு ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம் கிடந்ததை நீங்களே பார்த்தீர்கள். அந்த வேலைக்கு யாரும் டிக் அடிக்கவில்லை. செயலி இன்னும் அவளுக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. இன்று காலையிலும் சிவப்பில் வந்தது. அதை அழிக்கிற உரிமை தலைமைச் செயல் அதிகாரிக்கு மட்டும்தான் உண்டு.

இவ்வளவும் நடந்த பிறகும் நான் இங்கே வருவதாக இல்லை. உங்கள் ஆட்கள் தம்பியைத்தான் அழைத்துப் போனார்கள். வேலையை மாற்றிக் கொடுத்தது அவன் பெயரில் இருக்கிறது, எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் அவன் நின்றான். பத்திரிகைக்காரர்களைப் பார்த்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “ஒரு தலைவனாக இந்த இழப்புக்கு நானே முழுப் பொறுப்பு ஏற்கிறேன்” என்றான். எஸ்டேட்டே கண் கலங்கியது. பக்கத்துக் கம்பெனி கலீல் ரஹ்மான் என் தோளைத் தொட்டு, “என்னா மனுஷன்யா ஒங்க தம்பி” என்றார்.

அதை என்னால் பொறுக்க முடியவில்லை சார். சூளை என்னுடையது, வால்வு என்னுடையது, வரிசை என்னுடையது. அவன் செய்ததெல்லாம் போனைப் பார்த்ததுதான். செய்யாத ஒன்றுக்கு அவன் பெயர் வாங்கக் கூடாது. அதனால்தான் பஸ்ஸைப் பிடித்து நானே வந்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை என்று போட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று சேர்க்கவேண்டும். உடலை எடுத்துப்போன அன்று பாஞ்சாலையின் மகள் இளமதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “பெரியவரு மட்டும் அன்னிக்கு இங்க இருந்திருந்தா எங்கம்மா செத்திருக்காது” என்றாள். நான் இல்லாமல் அந்தக் கம்பெனி ஒரு நாள்கூட ஓடாது என்பதை, இத்தனை காலத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. என் தரப்புச் சாட்சியாக அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் சார்.